கரிவண்டியும் மிதிவண்டியும்

மதுரையின் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் டி.வி.எஸ். பேருந்துகளின் நேரந்தவறாமையைச் சொல்லாமல் விடுவதில்லை. அவற்றைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது இவ்வூரின் பழம்பெருமை. அவ்வொழுங்கு குலைந்த காலத்தைப் பற்றிய பேச்சோ குறைவு.

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942இல் மலேயா ஜப்பானியர் வசமானதும் ரப்பரும் அரிதாயிற்று. பேருந்துகளில் கரிவாயு உலை பொருத்தப்பட்டது, அவ்வுலைகளை டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்தது. ஆனால் உலை சூடேறக் காத்திருக்க வேண்டும். மேடேறுகையில் வண்டி திணறும். பள்ளி மணியோ யாருக்காகவும் காத்திராது.

தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே போனார்கள். உயர்நிலைப் பள்ளிதான் இடர். கோச்சடையிலிருந்து வைகையின் தென்கரையோடு நகருக்கு நடந்துவிடலாம். சோழவந்தானுக்கு ரயில் உண்டு. இடைப்பட்ட மேலக்கால் போன்ற ஊர்களுக்கு மாட்டுவண்டி, நகரத்து உறவினர் வீடு, விடுதி என்பவையே எஞ்சின. மூன்றும் பெரும்பாலும் ஆண்பிள்ளைக்கே வாய்த்தன என்பதை விளக்க வேண்டியதில்லை.

1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அரசுப் பேருந்து சிற்றூர்களுக்குள் நுழைந்தது. பின்னர் மாணவருக்கு இலவசப் பயண அட்டையும் கிடைத்தது. ஆனால் பேருந்து வராத நாளில் அட்டை வெறுந்தாள். 2018 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு வாரம் நீடித்தபோது தமிழகம் முழுவதும் அதை உணர்ந்தது.

கால அட்டவணைக்குக் கட்டுப்படாத வாகனம் மிதிவண்டி. மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு 2001-02இல் தமிழக அரசு அதை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2005-06இல் திட்டம் விரிவாக்கப்பட்டது. பீகார் 2006இல் இதையே ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு அளித்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் அதனால் கணிசமாக உயர்ந்ததையும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்களில் பயன் மிகுந்ததையும் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

இங்கே மிதிவண்டி பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. தொலைவு அதற்கு முன்பே, ஊர்ப்பள்ளி முடிகிற வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு வழித்தடம் நிறுத்தப்படும்போது வீட்டில் கணக்குப் பார்க்கிறார்கள்: அப்பாவின் வண்டியில் ஒருவர் போகலாம், மற்றவர்? அந்தக் கணக்கில் கழிக்கப்படுபவள் பெரும்பாலும் மகளே. அவள் பெயர் எந்தப் போக்குவரத்துக் கழகத்தின் நட்டக் கணக்கிலும் ஏறுவதில்லை.