கெட்டுப்போகும் பெட்ரோலின் கதை

போன வாரம் வேதியியல் வகுப்பில் ஆல்கீன் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "கார்பனுக்கு நடுவுல ஒரு கோடு இருந்தா என்ன, ரெண்டு கோடு இருந்தா என்ன, யாருக்கு என்ன நஷ்டம்?" வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அந்த இரண்டாவது கோட்டினால் வருடா வருடம் ஏப்ரல் மாதத்தில் நஷ்டப்படுகிற ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. இந்தப் பதிவு அவர்களைப் பற்றித்தான்.

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், கனடாவை ஒட்டி, மினசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. நவம்பரில் பனி விழ ஆரம்பித்தால் தரை தெரிய மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். அங்கே பல வீடுகளில் இரண்டு வண்டிகள் இருக்கும். ஒன்று பனி மேல் வழுக்கிப் போகும் ஸ்னோமொபைல். இன்னொன்று நான்கு பருத்த டயர்களும் ஹேண்டில்பாரும் வைத்த, காடு மேடு எங்கும் ஏறுகிற ஏ.டி.வி. பனிக்காலம் முழுக்க ஏ.டி.வி. கொட்டகையில் தூங்கும். ஏப்ரலில் தார்ப்பாயை விலக்கி, பட்டனை அழுத்தினால் இன்ஜின் சுற்றும், ஆனால் பிடிக்காது. பேட்டரி நன்றாக இருக்கிறது, ப்ளக்கில் பொறியும் வருகிறது. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தால் விஷயம் புரியும். பெட்ரோல் வாசனைக்குப் பதில், புதுசாகப் பூசிய கதவுபோல ஒரு வார்னிஷ் வாடை!

இங்கேதான் என் கேள்வி. கச்சா எண்ணெய் பூமிக்குள் கோடிக்கணக்கான வருடங்கள் கெடாமல் கிடந்தது. அதிலிருந்து எடுத்த பெட்ரோல் மட்டும் ஆறே மாதத்தில் எப்படிக் கெடுகிறது?

கெடாத காலம்

1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது எல்லோருக்கும் வேண்டியிருந்தது விளக்குக்கு மண்ணெண்ணெய்தான். கூடவே வந்த பெட்ரோலை என்ன செய்வதென்று தெரியாமல் பல இடங்களில் ஆற்றில் கொட்டினார்கள். கார் வந்த பிறகுதான் அதற்கு மதிப்பு.

அந்தக் காலப் பெட்ரோல் வெறுமனே காய்ச்சி வடித்தது. அதிலிருந்த மூலக்கூறுகளில் பெரும்பாலானவை ஒற்றைப் பிணைப்பு கொண்ட சாதுக்கள். காற்று பட்டாலும் லேசில் ஆக்சிஜனோடு சேராது. வைத்திருந்தால் எளிதில் ஆவியாகும் பகுதி கொஞ்சம் பறந்துபோகும், அவ்வளவுதான். வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் காரை நிறுத்திவைப்பது அப்போது சாதாரண வழக்கம். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, டயர் கெடாமலிருக்க வண்டியை மரக்கட்டை மேல் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்து வைப்பார்கள். பெட்ரோல் பெரிய கவலையாக இல்லை.

1913: ஒரு பீப்பாயில் இரண்டு மடங்கு

1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927-ல் நிறுத்தும்வரை 1.5 கோடி வண்டிகள் செய்தார்கள். இத்தனை வண்டிக்கும் பெட்ரோல் எங்கே போவது? காய்ச்சி வடித்தால் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயில் கிடைக்கும் பெட்ரோல் கொஞ்சம்தான்.

இண்டியானா ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வேதியியலாளர் வில்லியம் பர்ட்டன் இதற்கு வழி கண்டுபிடித்தார். கனமான எண்ணெயை அழுத்தத்தில் வைத்துச் சூடாக்கினால் நீளமான மூலக்கூறுகள் உடைந்து பெட்ரோல் அளவுக்குச் சின்னதாகும். இதற்குப் பெயர் கிராக்கிங். 1913 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. ஒரு பீப்பாயிலிருந்து கிடைக்கும் பெட்ரோல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

ஆனால் ஒரு சங்கிலியை இரண்டாக உடைத்தால் இரண்டு துண்டுக்கும் போதுமான ஹைட்ரஜன் இருக்காது. அதனால் ஒரு துண்டில் இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. அதுதான் நம் ஆல்கீன்! சும்மா இருக்கும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சைடு ஆகும். அந்தப் பெராக்சைடு அக்கம்பக்கத்து மூலக்கூறுகளையும் இழுத்துவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் பிசின் ஆகும். பெட்ரோல் மஞ்சளாகும், பழுப்பாகும், நாறும். கார்புரேட்டரில் ஐடில் ஓட்டத்துக்கான ஜெட் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க எவ்வளவு பிசின் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

தினமும் ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் பெட்ரோல் பிசினாவதற்கு முன்பே எரிந்துவிடும். வண்டியை நிறுத்தி வைத்தவருக்குத்தான் தொல்லை. இந்தக் கதை முழுக்க இதையே திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறோம்.

செம்பும் ஒரு நோபல் பரிசும்

1920களின் இறுதியிலும் 1930களிலும் சுத்திகரிப்பு நிறுவனங்கள் இதற்கு மருந்து தேடின. ஃபீனால், அமீன் வகைச் சேர்மங்களை மிகச் சிறிய அளவில் கலந்தால் பெராக்சைடு தொடர்வினை பாதியிலேயே நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. இவைதான் ஆன்டி ஆக்சிடென்ட்.

ஆனாலும் ஒரு எதிரி மிச்சமிருந்தது. செம்பு. பெட்ரோலில் துளியூண்டு செம்பு கரைந்திருந்தாலும் பிசின் உண்டாகும் வேகம் பலமடங்கு கூடும். எரிபொருள் குழாயும் செம்பு, கார்புரேட்டரும் பித்தளை என்றால் எப்படித் தப்பிப்பது? டூபாண்ட் நிறுவனத்தில் 1927-ல் சேர்ந்த சார்லஸ் பெடர்சன் இதற்கு விடை கண்டார். கொரியாவின் பூசானில், நார்வேக்காரத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். முனைவர் பட்டம் வாங்காதவர். செம்பு அயனியை நண்டுபோல் கவ்விப் பிடித்து, வேலை செய்யவிடாமல் தடுக்கும் ஒரு சேர்மத்தை அவர் உருவாக்கினார். இன்றும் எரிபொருளில் அது பயன்படுகிறது. உலோக அயனியைக் கவ்வும் மூலக்கூறுகள் மீதிருந்த அதே ஆர்வம்தான் பிற்காலத்தில் அவரை கிரவுன் ஈதருக்குக் கொண்டுபோனது. அதற்கு 1987-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெட்ரோல் பிசினில் ஆரம்பித்த பயணம் ஸ்டாக்ஹோமில் முடிந்தது :)

ஜீப்பிலிருந்து ஏ.டி.வி. வரை

இரண்டாம் உலகப்போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. டின்னில் அடைத்த பெட்ரோல் கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடக்க வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் 1945-லேயே வில்லிஸ் நிறுவனம் விவசாயிகளுக்கென்று ஜீப் விற்க ஆரம்பித்தது. மினசோட்டாவின் ரோசோவில் 1954-ல் போலாரிஸ் பிறந்து, ஸ்னோமொபைல் செய்தது. 1970-ல் ஹோண்டாவின் மூன்று சக்கர ஏ.டி.சி. அமெரிக்காவுக்கு வந்தது. 1980களில் நான்கு சக்கர ஏ.டி.வி.கள் பெருகின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்பதற்கென்றே ஒரு வண்டி இனம் உருவாகிவிட்டது. பெட்ரோலோ வாராவாரம் பங்குக்குப் போகிறவரை மனதில் வைத்துச் செய்யப்படுகிறது.

சட்டத்தில் ஒரு ஜன்னல்

அடுத்த மாற்றம் எத்தனால். குளிர்காலத்தில் நகரங்களின் கார்பன் மோனாக்சைடைக் குறைக்க 1990-ல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தினார்கள். சோளம் விளையும் மினசோட்டாவோ ஒரு படி மேலே போய், 1997 முதல் மாநிலம் முழுக்க, வருடம் முழுக்க, ஏறக்குறைய 10 விழுக்காடு எத்தனால் கலக்கவைத்தது. காற்றுக்கும் நல்லது, சோள விவசாயிக்கும் நல்லது.

ஆனால் எத்தனாலுக்குத் தண்ணீரென்றால் உயிர். பத்து விழுக்காடு கலந்த பெட்ரோல் 15 டிகிரி செல்சியஸில் சுமார் அரை விழுக்காடு தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 15 லிட்டர் டேங்கில் 75 மில்லி. அதைத் தாண்டினாலோ, குளிர் கூடினாலோ எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். இன்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! காற்றின் ஈரம் மட்டும் இவ்வளவு தண்ணீரைச் சேர்க்க வெகுநாள் ஆகும். ஆனால் மூடி சரியில்லாமல் மழையோ உருகிய பனியோ இறங்கினால் ஒரே இரவு போதும்.

படகுக்காரர்களும் ஸ்னோமொபைல்காரர்களும் இதைச் சும்மா விடவில்லை. மினசோட்டா சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. பழைய சேகரிப்புக் கார், சாலைக்கு வெளியே ஓடும் வண்டி, மோட்டார் சைக்கிள், படகு, ஸ்னோமொபைல், சிறு இன்ஜின் இவற்றுக்கு மட்டும் எத்தனால் கலக்காத பிரீமியம் பெட்ரோல் விற்கலாம். பங்கில் அப்படி எழுதி ஒட்டவும் வேண்டும். நிறுத்தி வைப்பவனும் ஒரு வாடிக்கையாளன்தான் என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்ட இடம் அது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த பகுதியும் அதுதான்.

சரி, ஏப்ரலில் என்ன செய்வது?

இத்தனை வரலாறும் சில எளிய வேலைகளில் வந்து முடிகிறது. வார்னிஷ் வாடை அடித்தால், நிறம் கறுத்திருந்தால், மேலும் மேலும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல், டேங்கை வடிக்க வேண்டும். கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும், அதையும் திறந்து வடிக்க வேண்டும். பிறகு புதுப் பெட்ரோல். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதைத் தவிர வழியில்லை. வடித்ததை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். 1860களில் ஆற்றில் கொட்டினார்கள், நாமும் அதையே செய்யக் கூடாது இல்லையா?

இதைவிட நல்லது அக்டோபரிலேயே முந்திக்கொள்வது. புதுப் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச்சேர சில நிமிடம் இன்ஜினை ஓட்டி, பிறகு நிறுத்த வேண்டும். அந்த ஸ்டெபிலைசர் புட்டியில் முக்கியமாக இருப்பது என்ன தெரியுமா? 1930களின் அதே ஆன்டி ஆக்சிடென்ட் சங்கதிதான். ஏற்கெனவே பிசினாகிவிட்டதை அது திரும்பப் பெட்ரோலாக்காது.

நம் நாட்டிலும் 2025-ல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் செமஸ்டர் லீவு உண்டு. மாதக்கணக்கில் ஹாஸ்டல் ஷெட்டில் நிற்கும் பைக்குகளும் உண்டு.

பின் பெஞ்ச் நண்பனே, இரண்டாவது கோட்டினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டாயே? நிறுத்தி வைத்தவனுக்கு. அடுத்த லீவுக்குப் போகுமுன் உன் வண்டி டேங்கைக் கொஞ்சம் பார்த்துக்கொள்!