சிறு விமானங்களைத் தரையில் நகர்த்தும் பயிற்சி: ஒரு வரலாறு

விமான வரலாறு என்றதும் வானில் நடந்த சாதனைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒவ்வொரு பறத்தலும் தரையில் தொடங்கித் தரையில் முடிகிறது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கும், இறங்கிய பின் மீண்டும் நிறுத்துமிடத்துக்கும் விமானம் தன் சக்கரங்களில் நகர்ந்தாக வேண்டும். இதை விமானிகள் ‘டாக்சி செய்தல்’ என்பர். சிறு விமானத்தைத் தரையில் பாதுகாப்பாக நகர்த்துவது பறப்பதிலிருந்து வேறான, தனியே கற்க வேண்டிய திறன். இந்த உண்மை முதலில் எப்படி உணரப்பட்டது, பின்னர் எப்படிப் பின்னுக்குப் போனது, எந்த விலை கொடுத்து மீண்டும் கற்கப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கக் காலச் சிக்கல்

லூயி பிளேரியோ 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அவர் ஓட்டிய ‘பிளேரியோ 11’ ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு விமானம். அக்கால விமானங்களில் பிரேக் கிடையாது. முன்புறம் இரண்டு பெரிய சக்கரங்கள் உடலைத் தாங்கும். வால் தரையிலேயே படிந்திருக்கும்.

இந்த அமைப்பில் விமானத்தின் எடைமையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் அமைகிறது. டிராக்டர் டிரெய்லரைப் பின்னோக்கி எடுப்பவர்களுக்கு இதன் சிரமம் புரியும். சற்றே கோணினாலும் கோணல் தானே வளரும். உடனே திருத்தாவிட்டால் வண்டி மடங்கிவிடும். விமானமும் அப்படித்தான். ஓடும்போது கொஞ்சம் திரும்பினால் பின்பகுதி வெளிப்பக்கமாக வீசப்பட்டு, விமானம் ஒரு வட்டமடித்து இறக்கையைத் தரையில் இடித்துக்கொள்ளும். இது ‘தரைச் சுழற்சி’ எனப்படுகிறது.

திருப்புவதிலும் ஒரு முரண் இருந்தது. வாலிலுள்ள சுக்கான் வேலை செய்ய அதன்மீது காற்று பாய வேண்டும். அதற்கு இயந்திரத்தின் வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினாலோ விமானமும் விரைந்து ஓடும். நிறுத்த பிரேக் இல்லை.

பறக்காத ‘பென்குயின்’

விமானத்தில் ஒரே இருக்கை இருந்ததால் ஆசிரியர் மாணவனுடன் அமர்ந்து கற்பிக்க முடியாது. இதற்குப் பிரெஞ்சுப் பயிற்சிப் பள்ளிகள் கண்ட வழி எளிமையானது. இறக்கைகளை வெட்டிக் குறுக்கிய ஒரு பழைய பிளேரியோ விமானத்தை மாணவனிடம் கொடுத்தார்கள். அதனால் தரையில் ஓட முடியும், மேலெழும்ப முடியாது. பறக்காத பறவையின் பெயரால் அது ‘பென்குயின்’ என்று அழைக்கப்பட்டது.

மாணவன் தனியாக ஏறி, பரந்த திடலில் விமானத்தை நேர்கோட்டில் ஓட்டப் பழக வேண்டும். முதல் நாட்களில் பென்குயின் அவன் சொல் கேளாது வளைந்து வளைந்து ஓடும். கால்களால் சுக்கானைச் சிறு சிறு அசைவுகளால் திருத்தும் பழக்கம் வந்தபின்பே அடுத்த படி. அடுத்து வாலைத் தூக்கியபடி ஓடுதல், பிறகு தரையை ஒட்டிய சிறு எழும்பல், அதன்பின் திடலைச் சுற்றிப் பறத்தல் எனப் பயிற்சி படிப்படியாக உயர்ந்தது.

முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுப் படையில் சேர்ந்த அமெரிக்கத் தன்னார்வலர்கள் பலர் இம்முறையில் பயின்றனர். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் நார்மன் ஹால் 1918-ல் வெளியிட்ட ‘ஹை அட்வென்ச்சர்’ நூலில் தம் பயிற்சி நாட்களைப் பதிவு செய்துள்ளார். அமெரிக்க ராணுவமும் இதைப் பின்பற்ற எண்ணி, பிரீஸ் நிறுவனத்திடம் சுமார் 300 பென்குயின்களை வாங்கியது. ஆனால் அவற்றில் மிகச் சிலவே பயன்பட்டன.

காரணம், அதற்குள் பயிற்சி முறையே மாறியிருந்தது. இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரில் ராபர்ட் ஸ்மித்-பாரி 1917-ல் நிறுவிய பள்ளி, இரண்டு இருக்கைகள் கொண்ட ‘ஆவ்ரோ 504’ விமானத்தில் ஆசிரியரையும் மாணவனையும் சேர்த்து அமர்த்தியது. அமெரிக்காவில் ‘கர்ட்டிஸ் ஜென்னி’ என்ற இரட்டை இருக்கை விமானம் பயன்பட்டது. வானிலேயே தவறைத் திருத்த ஆசிரியர் உடனிருந்ததால் பயிற்சி பெரிதும் முன்னேறியது. தனிப் பாடமாக இருந்த தரை ஓட்டமோ பறப்பதற்கு முந்திய சில நிமிட வேலையாகச் சுருங்கியது.

தரையில் காத்திருந்த ஆபத்துகள்

அக்காலத்தில் இயந்திரத்தைக் கிளப்ப, புரொப்பெல்லர் எனப்படும் முன்காற்றாடியை ஒருவர் கையால் சுழற்ற வேண்டும். சக்கரங்களுக்கு முன் தடுப்புக் கட்டை வைப்பது, சுழற்றுபவரும் விமானியும் சுவிட்ச் நிலையை உரக்கச் சொல்லி உறுதிப்படுத்துவது போன்ற வழக்கங்கள் இதனால் உருவாயின.

சுவிட்சை அணைத்தாலும் ஆபத்து தீர்வதில்லை. இவ்வகை இயந்திரங்களில் தீப்பொறியைத் தருவது மேக்னெட்டோ என்ற கருவி. அதற்கு பேட்டரி தேவையில்லை. சுழற்றினாலே மின்சாரம் உண்டாகும். சுவிட்சின் வேலை அந்த மின்சாரத்தை விமானத்தின் உலோக உடலுக்குத் திருப்பிவிடுவது மட்டுமே. அந்தக் கம்பி அறுந்திருந்தால், அணைத்த இயந்திரமும் கை பட்டதும் உயிர்பெறலாம். ‘எந்தப் புரொப்பெல்லரையும் ஓடக்கூடியது என்றே கருது’ என்ற பாடம் இன்றும் கற்பிக்கப்படுவது இதனால்தான்.

காற்று மற்றோர் எதிரி. எடை குறைந்த விமானத்தின் இறக்கை, நின்றாலும் ஓடினாலும், பலத்த காற்றில் தூக்கப்படும். எனவே முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக் காற்று வந்தால் கட்டுப்பாட்டுக் கோலைக் காற்று வரும் பக்கமாகவும், பின்பக்கத்திலிருந்து வந்தால் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் சாய்த்துப் பிடிக்க மாணவர்கள் பழக்கப்படுகிறார்கள். அப்போது காற்று இறக்கையைத் தூக்காமல் கீழே அழுத்தும்.

மூக்குச் சக்கரம் தந்த எளிமை

வாலுக்குப் பதிலாக மூக்கின் கீழ் ஒரு சக்கரம் வைத்தால் எடைமையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிடும். அப்போது கோணல் வளராது, தானே நேராகும். பிரெட் வீக் வடிவமைத்த ‘எர்கூப்’ 1940-ல் இந்த அமைப்புடன் விற்பனைக்கு வந்தது. 1956-ல் வந்த ‘செஸ்னா 172’ உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமாயிற்று. அதன் சக்கர அமைப்பை ‘லேண்ட்-ஓ-மேட்டிக்’ என்று அந்நிறுவனம் விளம்பரப்படுத்தியது. பிரேக், மின் ஸ்டார்ட்டர் ஆகியவையும் இயல்பாயின. சிறு விமானத்தை ஓட்டுவது ஏறக்குறைய கார் ஓட்டுவது போலாயிற்று.

ஓட்டுவது எளிதான அதே காலத்தில் விமான நிலையங்கள் பெரிதாகின. திறந்த திடல்கள் போய், பல இணைப்புப் பாதைகளும் சந்திப்புகளும் கொண்ட வலைப்பின்னல் வந்தது. விமானத்தை நேராக ஓட்டுவது எப்படி என்ற கேள்வியின் இடத்தை, நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்ற கேள்வி பிடித்தது.

லினாட்டே, 2001

அந்தக் கேள்விக்குத் தவறான விடை என்ன செய்யும் என்பதை இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லினாட்டே விமான நிலையம் காட்டியது. 2001 அக்டோபர் 8 காலை அங்கு அடர்ந்த மூடுபனி. பாரிசுக்குப் புறப்பட இருந்த ‘செஸ்னா சைட்டேஷன்’ என்ற சிறு ஜெட் விமானத்துக்கு ஆர்5 பாதையில் செல்ல அனுமதி தரப்பட்டது. அது ஓடுபாதையின் முனையைச் சுற்றி வடக்கே செல்லும் பாதை. விமானிகள் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் நுழைந்தது ஓடுபாதையைக் குறுக்காக வெட்டிச் செல்லும் ஆர்6 பாதையில்.

வழியில் தரையில் எழுதியிருந்த ஒரு குறியீட்டை அவர்கள் வானொலியில் தெரிவித்தார்கள். கட்டுப்பாட்டு அலுவலருக்கு அது எந்த இடம் என்று தெரியவில்லை. தரை ரேடாரும் அப்போது இயங்கவில்லை. ஓடுபாதையில் சிறு விமானம் நுழைந்த வேளையில், கோபன்ஹேகன் செல்லவிருந்த ‘எம்.டி.87’ பயணிகள் விமானம் முழு வேகத்தில் ஓடிவந்து அதன்மீது மோதியது. பின்னர் பயணப்பை கையாளும் கட்டடத்தில் மோதி எரிந்தது. இரு விமானங்களிலும் இருந்த 114 பேரும், தரையில் பணியாற்றிய 4 பேரும் இறந்தனர்.

சிறு விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்ததே உடனடிக் காரணம் என்ற விசாரணை, அந்தப் பிழையைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு எதுவும் நிலையத்தில் இல்லாததையும் சுட்டியது. அந்த மூடுபனியில் விமானத்தை இயக்கத் தேவையான தகுதி அந்த விமானிகளுக்கு இல்லை. பாதைக் குறியீடுகளும் தெளிவாக இல்லை.

இன்றைய பயிற்சி

லினாட்டேயைப் போன்ற நிகழ்வுகளுக்குப் பின் தரை நகர்வு மீண்டும் தனிப் பாடமானது. ஐரோப்பாவில் ஓடுபாதை ஊடுருவலைத் தடுக்கும் செயல்திட்டம் 2003-ல் வெளியிடப்பட்டது. அமெரிக்காவில், வழியில் குறுக்கிடும் ஒவ்வோர் ஓடுபாதையையும் கடக்கத் தனித்தனி அனுமதி வேண்டும் என்ற நடைமுறை 2010-ல் வந்தது. குழப்பம் நேரக்கூடிய சந்திப்புகள் விமான நிலைய வரைபடங்களில் தனியே குறிக்கப்படுகின்றன.

இன்றைய மாணவ விமானி தனக்குச் சொல்லப்பட்ட பாதையை எழுதிக்கொள்ள வேண்டும். வரைபடத்தை எதிரே வைத்துக்கொள்ள வேண்டும். நகரும்போது வேறு பேச்சையும் வேலையையும் தவிர்க்க வேண்டும். இருக்கும் இடத்தில் ஐயம் வந்தால் நின்று, கேட்க வேண்டும். ஓடுபாதைக்குள் இருக்கலாம் என்று தோன்றினால் அதை உடனே சொல்லி, வெளியேற வேண்டும். விமானத்தைக் கையாலோ இழுவைத் தண்டாலோ கொட்டகைக்குள் நகர்த்தும்போது இறக்கை முனையருகே ஒருவர் நடந்து இடைவெளியைக் கவனிக்க வேண்டும் என்பதும் இப்பயிற்சியின் பகுதி.

மிலானின் ஃபோர்லானினி பூங்காவில், இறந்தவர்களின் நினைவாக 118 பீச் மரங்கள் நடப்பட்டுள்ளன. தரையில் ஓடும் விமானத்தின் விமானிக்கு, பறப்பவருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: ஐயம் வந்த இடத்தில் அவரால் நிற்க முடியும். அந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்தப் பழக்குவதே இப்பயிற்சியின் சாரம்.