சிவப்பு அவரைக்கொட்டை

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு எதற்குப் போயிருப்பீர்கள்? பெரும்பாலும் புத்தகக் கண்காட்சிக்கு. செருப்பெல்லாம் புழுதியாக, டெல்லி அப்பளம் கடித்துக்கொண்டு, கை வலிக்கப் பைகளைத் தூக்கி வந்திருப்பீர்கள். அதே மைதானத்தில்தான் 2025 பிப்ரவரி 5-ம் தேதி எட் ஷீரன் பாடினார். நடுவில் ஏ.ஆர். ரஹ்மானும் மேடையேற, ஜனங்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அடுத்த முறை இப்படி ஏதாவது கச்சேரிக்குப் போனால் கிட்டாரிஸ்ட்டின் முதுகுப் பக்கம் பாருங்கள். ஒரு காலத்தில் பீரோ சைஸில் ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கும். இப்போது பல மேடைகளில் ம்ஹும். காலடியில் டிபன் கேரியர் கனத்தில் ஒரு பலகை. அவ்வளவுதான்.

பீரோ எங்கே போச்சு?

முதலில் ஒரு விஷயம். எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியாக மீட்டினால் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும். ஆம்ப்ளிஃபயர்தான் அதற்குப் பாதி உயிர். பழைய ரேடியோக்களுக்குள் செக்கச்செவேலென்று எரியுமே, வால்வு? அதனால் தாங்க முடியாத அளவுக்கு சிக்னலைத் திணித்தால் ஒலி கரகரக்கும். ரேடியோவில் அதற்குப் பெயர் கோளாறு. கிட்டாரில் அதற்குப் பெயர் டோன். 1964-ல் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் இந்தக் கரகரப்புக்காகத் தன்னுடைய ஆம்ப்பின் ஸ்பீக்கரையே பிளேடால் கிழித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ராஜா, அமெரிக்காவின் ஃபெண்டர். லண்டனில் அது யானை விலை. அங்கே ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் பையன்கள் வந்து புலம்பினார்கள். 1962-ல் அவரும் கடை ஆட்களும் ஃபெண்டர் பாஸ்மேன் என்கிற ஆம்ப்பைப் பிரித்துப் பார்த்து அப்படியே ஒன்று செய்தார்கள். சுத்தமான காப்பி. ஆனால் அமெரிக்க உதிரி பாகங்களுக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்த இங்கிலாந்துச் சரக்கைப் போட்டார்கள். விளைவு, சத்தம் மாறிப்போனது. கொஞ்சம் முரட்டுத்தனமாக, கொஞ்சம் கோபமாக. ஹெண்ட்ரிக்ஸ் முதற்கொண்டு உலகமே அந்தக் கோபத்தில் மயங்கியது. காப்பி, ஒரிஜினல் ஆன கதை இது. மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

நம் ஊருக்கு வருவோம். 1991 வரை வெளிநாட்டுச் சரக்கு வாங்க லைசென்ஸ், டூட்டி என்று ஆயிரம் முட்டுக்கட்டை. இசைக்கருவி என்பது இங்கே பொழுதுபோக்கல்ல, முதலீடு. 1976-ல் இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் காலமானபோது, அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நாள்களை நகர்த்தியது. அந்த வீட்டுப் பையன்தான் ரஹ்மான்.

நான் பி.காம். படித்த நாளில் கல்லூரிக் கலைவிழாக்களில் கிட்டாரை நேரே மைக்செட் ஆம்ப்ளிஃபயரில் சொருகுவார்கள். கல்யாண வீட்டில் 'மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வரவும்' என்று அறிவித்த அதே பெட்டி. அறிவிப்புக்கு அது போதும். ராக் இசைக்கு? தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இருக்கும். கேசட்டில் கேட்ட சத்தம் ஏன் நமக்கு வரவில்லை என்று விரல்களைக் குறை சொல்லிக்கொண்டு பயிற்சியை விட்டவர்கள் எத்தனை பேரோ.

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் நுழைகிறது. கலிஃபோர்னியாவில் மார்கஸ் ரைல், மிஷெல் டுவாதிக் என்று இரண்டு எஞ்சினீயர்கள். அவர்களுடைய நிறுவனம் லைன் 6, 1996-ல் ஒரு டிஜிட்டல் ஆம்ப்பைக் கொண்டுவந்தது. 1998-ல் வந்ததுதான் வெடிகுண்டு. பெயர் பாட். சிவப்பு நிறத்தில், பெரிய அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு பெட்டி. குமிழைத் திருகினால் ஃபெண்டர், இன்னும் திருகினால் மார்ஷல். எல்லாம் கணக்கு. ஹெட்ஃபோன் போதும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

அப்புறம் போட்டி. 2006-ல் ஃப்ராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ். 2011-ல் ஜெர்மனியிலிருந்து கெம்பர். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? ஒரு ஹோட்டல் சாம்பார் உங்களுக்குப் பிடித்துவிட்டது. சமையல் குறிப்பை வாங்கி, பருப்பு, புளி, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வீட்டில் வைப்பது ஃப்ராக்டல், லைன் 6 வழி. குறிப்பே வேண்டாம், ருசித்துப் பார்த்தே அதை வரவழைப்பது கெம்பர் வழி. பின்லாந்தின் க்வாட் கார்டெக்ஸ் இந்த ருசி பார்க்கும் வேலையை இயந்திரக் கற்றலிடம் ஒப்படைத்தது. இவற்றுக்கெல்லாம் விலை லட்சத்தைத் தாண்டும். ஆனால் அதே வித்தையைச் செய்யும் நியூரல் ஆம்ப் மாடலர் என்கிற மென்பொருள் முற்றிலும் இலவசம்!

நிஜத்துக்கு ஈடாகுமா? 2013 டிசம்பரில் மெட்டாலிகா அன்டார்டிகாவில் வாசித்தது. ஸ்பீக்கர் கிடையாது. அங்குள்ள உயிரினங்கள் மிரளக் கூடாதே. வந்தவர்கள் எல்லோரும் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். உலகத்தின் மகா சத்தக் குழுக்களில் ஒன்று, பென்குவினை எழுப்பாமல் வாசித்துவிட்டுப் போனது. டோனில் மாடலர் பாஸ். நெஞ்சில் வந்து மோதுகிற அந்தக் காற்று மட்டும்தான் ஹெட்ஃபோனில் கிடைக்காது.

காசுக் கணக்கு வேறு. காமர்ஸ்காரன் புத்தி, தேய்மானம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அறுபதுகளின் நல்ல மார்ஷலுக்கு வருஷம் ஏற ஏற விலை ஏறுகிறது. ரிப்பேரானால் வால்வை மாற்றிக்கொள்ளலாம். மாடலரோ செல்போன் ஜாதி. புது மாடல் வந்த அன்றே உங்களுடையது கிழவன். ஆகவே, கற்றுக்கொள்கிறவர் லட்சத்தைக் கொட்ட வேண்டாம். இலவச மென்பொருள், ஒரு சுமாரான ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்ஃபோன். இது போதும். மேடையேறிச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு பெரிய பெட்டியை வாங்கினால், அது செலவல்ல, மூலதனம்.

எனக்கு ஒரே ஒரு கவலை. மார்ஷல் உருவானது, காப்பி அடிக்க நினைத்து, முடியாமல் தவறியதால். கம்ப்யூட்டர் தவறுவதில்லை. இத்தனை சாதுர்யமும் ஐம்பது, அறுபதுகளின் பெட்டிகளைத் திரும்பத் திரும்பப் போலி செய்யத்தானா? அடுத்த மார்ஷல் எங்கிருந்து வருவார்?

போன வாரம் நந்தனம் மெட்ரோ எஸ்கலேட்டரில் எனக்கு முன்னால் ஒரு பையன். முதுகில் கிட்டார், தோள்பையில் ஒரு குட்டிப் பெட்டி. என் தலைமுறை கல்யாண ஆம்ப்ளிஃபயரில் தொலைத்த அத்தனை சத்தமும் அதற்குள் இருக்கிறது. சத்தம் கிடைத்துவிட்டது தம்பி. இனி நீதான் தப்பாக எதையாவது திருகிப் பார்க்க வேண்டும்.