வாய் சொல்வதும் கை செய்வதும்: மனச்சாய்வை அளந்த வரலாறு

"சாதி, மதம், ஊர் வித்தியாசம் எல்லாம் நான் பார்க்கிறதே இல்லீங்க." தலைநகரில் இப்படிச் சொல்லாதவர் அபூர்வம். சொல்பவர் எல்லாரும் பொய்யர்கள் என்று நான் கூற வரவில்லை. வாய்ச்சொல்லும் கைச்செயலும் ஒத்துப் போகின்றனவா என்று அளந்து பார்த்தவர்களின் வரலாறே இக்கட்டுரை.

1930இல் தொடங்கி ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலறிஞர் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். 251 விடுதி, உணவகங்களில் இடமில்லை என்றது ஒன்றே ஒன்றுதான். பின்னர் கடிதம் மூலம் கேட்டபோது, பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சீனரை ஏற்கமாட்டோம் என்றார்கள்! 1934இல் வெளியான இந்த ஆய்வு, கேட்டறிவது மட்டும் போதாது என்று காட்டியது.

அடுத்து, கேட்காமலே அளக்கும் வழி வந்தது. 1998இல் ஆந்தனி கிரீன்வால்டும் தோழர்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். திரையில் வரும் பெயர்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் பொத்தான் அழுத்திப் பிரிக்க வேண்டும். மனத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஜோடிக்குக் கை வேகமாகப் போகும், மற்றதற்குத் தயங்கும். அந்தத் தயக்கத்தை மில்லி விநாடியில் அளப்பார்கள். இத்துறையில் கிரீன்வால்டின் கூட்டாளி மஹ்ஸரின் பானாஜி செகந்திராபாத்தில் பிறந்தவர். நம் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

வெளிப்படையாகச் சொல்லும் கருத்துக்கும் இந்த அளவுக்கும் என்ன உறவு? 126 ஆய்வுகளைத் தொகுத்த 2005ஆம் ஆண்டுக் கணக்கில் சராசரித் தொடர்பு 0.24. முழுப் பொருத்தம் 1 என்றால், இது கொஞ்சம்தான். அதோடு, ஒரே ஆள் மறுபடி எழுதினால் மதிப்பெண் மாறுவதும் உண்டு. ஆகவே இதை வைத்துத் தனி மனிதர் மேல் முத்திரை குத்தலாகாது.

இனி தில்லிக்கு வருவோம். சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் இங்குள்ள நிறுவனங்களின் 25 ஆளெடுப்பு அதிகாரிகளிடம் பேசினார்கள். தகுதி ஒன்றே முக்கியம் என்றார்கள் அதிகாரிகள். கூடவே, "குடும்பப் பின்னணி" கேட்போம் என்றும் சொன்னார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2005 அக்டோபர் முதல் 66 வாரங்கள், 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போட்டனர். தகுதி சமம்; பெயர்தான் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இரண்டும் 2007இல் வெளியாயின. 2009இல் வந்த இன்னொரு தில்லி ஆய்விலோ, மென்பொருள் வேலைகளில் சாதி வித்தியாசம் தெரியவில்லை. எல்லாத் தொழிலும் ஒன்றல்ல என்பது இதன் பாடம்.

ஒன்றை மறக்கக்கூடாது. விண்ணப்ப ஆய்வு அளந்தது செயலை, மனத்தை அல்ல. அந்த மேலாளர் தெரிந்தே ஒதுக்கினாரா, தெரியாமலா என்பதை அது சொல்லாது. ஆனால் அழைப்பு வராத பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதானே?

'மதராசி' என்ற ஒற்றைச் சொல்லில் நம்மை அடக்கிய ஊர் இது. இன்று நம்மில் பலர் வீடு வாடகைக்கு விடுகிறோம், ஆள் எடுக்கிறோம். நிறுக்குமுன் வெறுந்தட்டோடு தராசைத் தூக்கிப் பார்ப்பது வியாபார தர்மம். அதுபோல, விண்ணப்பத்தில் பெயரை மறைத்து முதலில் தகுதியைப் படியுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். மனத்தைத் திருத்த நாளாகும். வழக்கத்தை நாளைக்கே திருத்தலாம்.