ஓவியத்தைத் தாங்கிய தாள்

ஓவியம் என்றதும் வண்ணமும் தூரிகையும் நினைவுக்கு வருகின்றன. அவற்றைத் தாங்கும் தாளை நினைப்பார் சிலரே. ஆயினும், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நீர்வண்ண ஓவியம் தனிக்கலையாகத் தலையெடுத்த வரலாற்றை ஆராய்வோர், ஓவியக் கூடத்தோடு நின்றுவிட இயலாது. கெண்ட் மாவட்டத்துக் காகித ஆலைக்கும் செல்ல வேண்டும்.

எண்ணெய் வண்ணம் தன் அடித்தளத்தை மூடி மறைக்கும். நீர்வண்ணமோ கண்ணாடி போன்றது. அதனூடே தாளின் வெண்மை ஒளிர்வதே அதன் அழகு. ஆகவே தாளின் குறை ஒவ்வொன்றும் ஓவியத்தின் குறையாகத் தோன்றும்.

வரியும் பசையும்

அக்காலத் தாளில் வரிகள் இருந்தன. கந்தல் துணியை இடித்துக் கூழாக்கி, கம்பிகளை இணையாகப் பதித்த சட்டத்தால் அள்ளித் தாள் செய்தனர். கம்பிகளின் சுவடு தாளில் பதிந்தது. அப்பள்ளங்களில் வண்ணம் தேங்கியது. மெய்ட்ஸ்டன் நகருக்கு அருகே டர்க்கி ஆலையை நடத்திய ஜேம்ஸ் வாட்மன் (1702-1759), துணிபோல் நெய்த பித்தளைக் கம்பிவலையைச் சட்டத்தில் பொருத்தி, வரியற்ற தாளை உண்டாக்கினார். 1757-இல் பர்மிங்காம் நகரத்து ஜான் பாஸ்கர்வில் அச்சிட்ட வர்ஜில் கவிதை நூலின் ஒரு பகுதி இத்தகைய தாளில் வெளிவந்தது. அச்சுக்கென வந்த தாளை ஓவியர் பின்னர்த் தமதாக்கிக் கொண்டனர்.

நெசவாளர் பாவுக்குக் கஞ்சியிடுவது போல, காகிதத் தொழிலாளர் தாளுக்குப் பசையிட்டனர். தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தில் படிகாரம் சேர்த்து, இளஞ்சூட்டில் தாளைத் தோய்த்து, அழுத்திப் பிழிந்து, உலர்த்தினர். பசை குறைந்தால் வண்ணம் உள்ளே இறங்கி மங்கும். மிகுந்தால் ஒட்டாமல் திரண்டு நிற்கும். வாட்மன் தாளின் பசை உறுதி மிக்கது. நனைத்துத் துடைத்தாலும், கத்தியால் சுரண்டினாலும் தாங்கியது.

தாளை இழுத்துக் கட்டுதல்

எவ்வளவு நல்ல தாளாயினும் ஓர் இயல்பை விடாது. அதன் நாரிழைகள் நீர் குடித்ததும் பருக்கும், தாள் விரியும். நனைந்த இடம் விரிய, நனையாத இடம் அப்படியே நிற்க, தாள் மேடும் பள்ளமுமாக நெளியும். தாள் பெரிதானால் நெளிவும் பெரிதாகும்.

இதற்கு ஓவியர் கையாண்ட வழி எளியது. வண்ணம் தொடுமுன் தாள் முழுவதையும் நனைத்து விரியவிட்டனர். விரிந்த தாளை மரப்பலகையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் பசையால் ஒட்டினர். காயும்போது தாள் சுருங்க முயலும். ஒட்டிய ஓரங்கள் இடந்தரா. ஆதலின் முழவின் தோல் போல் விறைத்து நிற்கும். பின்னர் வண்ணநீர் பட்டுச் சிறிது தளர்ந்தாலும், உலர்ந்ததும் மீண்டும் விறைக்கும். நெருப்பருகே வைத்து விரைவுபடுத்தினால் ஓரம் பிரியும். சிலவேளை தாளே கிழியும். இங்கே பொறுமையும் ஒரு கருவி. இன்றும் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளைப் பலர் இவ்வாறே பலகையில் ஒட்டுகின்றனர். 640 கிராம் தாளுக்கு இது பெரும்பாலும் வேண்டுவதில்லை.

டர்னரின் துணிவு

இவ்வுழைப்பின் பயனை ஜோசப் மாலர்டு வில்லியம் டர்னரிடம் (1775-1851) காணலாம். பலகைகளின் பின்புறம் கைப்பிடி பொருத்தி, தாளோடு அவற்றை நீர்வாளியில் அமிழ்த்தி எடுத்து, ஈரத்தின் மீதே அவர் வண்ணமிட்டார் என்ற குறிப்பு உண்டு. 1818-இல் யார்க்ஷயரின் ஃபார்ன்லி மாளிகையில், ஒரே காலைப்பொழுதில் அவர் ஒரு போர்க்கப்பல் ஓவியத்தை முடித்தார். தாள் ஊறும்வரை வண்ணநீரை ஊற்றி, கீறியும் தேய்த்தும் அதை உருவாக்கியதாக அவ்வீட்டார் வழியே செய்தி கிடைத்துள்ளது. பசை வலிமையற்ற தாள் இக்கொடுமையைத் தாங்கியிராது.

1768-இல் தோன்றிய ராயல் அக்காதமி எண்ணெய் ஓவியத்துக்கே முதன்மை தந்தது. நீர்வண்ணக்காரர்கள் 1804-இல் தமக்கெனச் சங்கம் கண்டு, அடுத்த ஆண்டே கண்காட்சி நடத்தினர். வண்ணம் பூசிய வெறும் கோட்டுப்படம் என்று எண்ணப்பட்டது, எண்ணெய் ஓவியத்தோடு நிகர்நிற்கும் ஆழத்தையும் ஒளியையும் பெற்றுவிட்டதை அங்கே மக்கள் கண்டனர். அவ்வெற்றியில் ஆலைக்கும் பங்குண்டு.

அப்பங்கினை அறிய ஒரு வழி இன்றும் உளது. அந்நாளைய தாளை வெளிச்சத்தில் பிடித்தால், பல தாள்களில் வாட்மன் பெயர் நீர்க்குறியாகத் தெரியும். 1794-ஆம் ஆண்டு வரிச்சட்டத்தின் விளைவாக ஆண்டையும் அதனோடு சேர்க்கலாயினர். தாளின் ஆண்டுக்கு முன் ஓவியம் பிறந்திருக்க முடியாதாகையால், காலம் கணிக்கும் அறிஞருக்கு அது நற்சான்று. புகழ் பெற்ற அப்பெயரைப் பிறரும் பொறித்தனர் என்பதால் அதனை ஆய்ந்தே கொள்வர். கூழ் அள்ளியவர், பசை காய்ச்சியவர் பெயர்கள் எந்தத் தாளிலும் இல்லை. இரண்டு நூற்றாண்டு கடந்தும் மங்காத அத்தாள்களின் வெண்மையே அவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து.