கோல்ஃப் வீச்சு நுட்பத்தின் வரலாறு

கோல்ஃப் (குழிப்பந்தாட்டம்) ஆட்டத்தில் மட்டையைப் பின்னோக்கி உயர்த்தி, கீழிறக்கி, பந்தை அடித்து முடிக்கும் முழு அசைவும் வீச்சு எனப்படும். இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும் இந்த அசைவைச் செம்மைப்படுத்த ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்கின்றனர். கோல்ஃப் செல்வந்தர் ஆட்டம் என்று சொல்லப்பட்டாலும், வீச்சைத் திருத்தி அமைத்தவர்களுள் முதன்மையான சிலர், பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து கூலி பெற்ற எளிய குடும்பத்துச் சிறுவர்களே.

பந்தும் காம்பும்

ஸ்காட்லாந்தில் முற்காலத்தில் தோலுக்குள் இறகு திணித்த பந்து பயன்பட்டது. 1848 அளவில், மலாய் நாட்டு மரப்பாலான குட்டாபெர்ச்சாவில் செய்த பந்து வந்தது. 1898-இல் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் இழை சுற்றிய பந்தை உருவாக்கினார்.

மட்டையின் காம்பு ஹிக்கரி மரத்தால் ஆனது. வேகமாக வீசினால் அது முறுக்கிக்கொள்ளும்; பந்தைத் தொடும் முகமும் திசை மாறிவிடும். எனவே அக்கால ஆட்டக்காரர்கள் உடலைச் சுற்றி நீளமாக வீசி, மணிக்கட்டைத் திருப்பி முகத்தை நேர்செய்தனர். எஃகுக் காம்பு அமெரிக்காவில் 1924-இலும் பிரிட்டனில் 1929-இலும் அனுமதிக்கப்பட்டது. அது அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது என்பதால், கைகளைவிட உடலின் திருப்பத்தை நம்பி வீச முடிந்தது.

வழிகாட்டிய மூவர்

ஜெர்சி தீவில் பிறந்த ஹாரி வார்டன் (1870–1937) சிறுவயதில் பை சுமந்தவர். வலக்கைச் சுண்டுவிரலை இடக்கை விரல்களின்மேல் படியவைக்கும் பிடியைப் பரப்பினார். அதனால் இரு கைகளும் ஒன்றாக இயங்கின. பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை அவர் ஆறு முறை வென்றார்.

பைரன் நெல்சன், பென் ஹோகன் இருவரும் 1912-இல் பிறந்தவர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரே மைதானத்தில் பை சுமந்தவர்கள். எஃகுக் காம்புக்கு ஏற்பக் கால்களின் உந்துதலால் வீசும் முறையை வகுத்த நெல்சன், 1945-இல் தொடர்ந்து 11 போட்டிகளை வென்றார். ஹோகன் அடித்த பந்து இடப்புறம் வளைந்துகொண்டே இருந்தது. அவர் இடக்கைப் பிடியைச் சற்றே திருப்பி, இடைவிடாப் பயிற்சியால் அக்குறையை நீக்கினார். 1957-இல் அவர் வெளியிட்ட ஐந்து பாடங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. கீழிறங்கும் வீச்சை இடுப்பு தொடங்க வேண்டும். தோளும் கையும் பின்தொடர வேண்டும் என்பது அவற்றின் மையக் கருத்து.

பாகூர், வில்லியனூர் பக்கத்துத் திடல்களில் கில்லி ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கையை மட்டும் வீசினால் புள் அருகிலேயே விழும். காலை ஊன்றி உடலைத் திருப்பி, கடைசியில் மணிக்கட்டைச் சொடுக்கினால்தான் தூரம் போகும்.

இந்தியாவில்

ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் அதுவே. தமிழ்நாட்டில் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தோன்றியது. ஆடியவர்கள் அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும். உள்ளூர்ச் சிறுவர்கள் பை சுமந்தனர்.

அந்த நிலை மெல்ல மாறியது. டெல்லியில் பை சுமந்த அலி ஷேர், 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரித்தவரின் மகனான எஸ்.எஸ்.பி. சௌராசியா, உறுப்பினர்கள் ஆடுவதைப் பார்த்தே கற்றவர். 2016, 2017 ஆகிய ஈராண்டும் அதே பட்டம் அவருக்குக் கிடைத்தது.

இன்றைய ஆய்வு

பந்து பெரும்பாலும் வீச்சின் பாதையில் புறப்படுகிறது என்றே பல பாடநூல்கள் எழுதின. மட்டையின் முகம் நோக்கும் திசைதான் அதைப் பெரிதும் முடிவுசெய்கிறது என்று ரேடார் கருவிகள் காட்டின. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு பந்தை வளைக்கிறது. ஆகவே வீச்சைத் திருத்த விரும்புபவர் முதலில் பந்து புறப்படும் திசையையும் பின்பு வளையும் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். பை சுமந்த சிறுவர்களுக்கும் பந்தைக் கண் எடுக்காமல் பார்ப்பதே அன்றாட வேலையாக இருந்தது.