துரியோதனன் சிவப்பும் முகூர்த்த மேக்கப்பும்

காஞ்சிபுரத்தில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில். விடியற்காலை முகூர்த்தம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கே பெட்டியைத் திறந்தாக வேண்டும். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் முதலில் கேட்பது எந்த பிரஷ் வாங்குவது என்றுதான். கடைக்குப் போவதற்கு முன்னால் பாரதக் கூத்து நடக்கிற ஊருக்குப் போய், திரைக்குப் பின்னால் வேஷம் கட்டுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். என் அம்மாவைப் பெற்ற தாத்தா கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். இந்த வேலையின் பூர்வீகம் எனக்கு அங்கேதான் இருக்கிறது.

நாடகமும் வர்ணமும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருக்களிலேயே நடக்கிற கதை. அவனுக்குச் சித்திரகாரப்புலி என்றும் ஒரு பட்டம். அரண்மனை நாடகம் என்னவோ போய்விட்டது. கிராமத்துக் கூத்து நிலைத்தது. காஞ்சிபுரத்தைச் சுற்றியும், செய்யாறு, வந்தவாசிப் பக்கமும் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடை முழுக்க பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டுகிற மரக்கட்டை அணிகளால்தான் கட்டைக்கூத்து என்று பெயர். கண்ணாடிச் சில்லுகள் ஒட்டிய அந்த அணிகளுக்கு நடுவே ஓர் உள்ளங்கையளவு முகம். தீவட்டி வெளிச்சத்தில் அது கடைசி வரிசைப் பாட்டிக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை அல்லது நீலம் என்று நிறம் பிரித்துக் கொடுத்ததில் இந்த வெளிச்சக் கணக்கு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

பழைய காலத்தில் மஞ்சளுக்கு அரிதாரக் கல்லை அரைத்தார்கள். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கல் அது, விஷம். எத்தனை பேர் தோலைக் கெடுத்ததோ. பின்னால் முத்துவெள்ளையும் நிறப்பொடிகளும் வந்தன. தாத்தா முதலில் தேங்காய் எண்ணெயை முகத்தில் தடவித் துடைத்துவிடுவார். பொடியை எண்ணெயில் குழைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் ஒத்தி ஒத்தி ஏற்றுவார். நான் எடுத்துப் பூசிப் பார்த்தால், “தேய்க்காதே கண்ணு, ஒத்து” என்பார். தேய்த்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். கோடு இழுக்கத் தென்னை ஈர்க்குச்சி. நுனியைப் பல்லால் கடித்து நசுக்கினால் நார் பிரிந்து பிரஷ் ஆகிவிடும். புருவத்துக்கு மேல் வெள்ளைப் புள்ளி வைக்க நசுக்காத குச்சி.

எனக்குப் பிரமிப்பு வேஷத்திலேயே கடினமான பெண் வேஷத்தின் மேல்தான். ராஜா வேஷத்தில் மீசையும் புள்ளியும் ஆயிரம் குறையை மறைக்கும். திரௌபதிக்கு வழவழவென்று ஒரே நிறமாக முகம் வர வேண்டும். கட்டியிருப்பவரோ சாயங்காலம் சவரம் செய்துகொண்டு வந்த ஆண். தாடையில் நீலம் பாய்ந்திருக்கும். அதன்மேல் நேராக ரோஸ் நிறத்தை ஏற்றினால் சாம்பல் பூத்துவிடும். அதனால் தாத்தா தாடையில் மட்டும் முதலில் கொஞ்சம் செந்தூர நிறத்தைப் படரவிட்டு, அது அடங்கிய பிறகே மேல்பூச்சைத் தொடுவார். இன்று கருவளையத்தின் மேல் நாங்கள் ஆரஞ்சு கரெக்டர் வைப்பது இதே கணக்குதான். அழகுக்கலை வகுப்பில் அதை எனக்குப் புதுசு போலச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பூச்சு நிற்பதற்கும் சோதனை உண்டு. பதினெட்டாம் போரன்று ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, காலையில் பீமனும் துரியோதனனும் போர்க்களமாக்கிய திடலான படுகளத்துக்கு வருவார்கள். மண்ணால் செய்த துரியோதனன் வெயிலில் படுத்திருப்பான். வேர்வையோடு அந்த நேரம் வரை நின்ற பூச்சு அது. மாலை வரவேற்புக்குப் போட்டு எட்டு மணிக்கே திட்டுத்திட்டாகிற மேக்கப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படுகளம் ஞாபகம் வரும்.

வெளியுலகிலும் இந்தத் தொழில் மேடையிலிருந்துதான் இறங்கியது. பெர்லினில் ஓபரா பாடகர் லைக்னர் 1873இல் நாடகத்துக்கான எண்ணெய்ப் பூச்சுக் குச்சிகளைத் தயாரிக்க ஆரம்பித்தார். 1914இல் மேக்ஸ் ஃபாக்டர் சினிமாவுக்கென்று கிரீம் பூச்சு செய்தார். மேடைக்குப் போதுமான தடிப்பு, கேமராவுக்கு அப்பிவைத்தது போல இருந்ததாம். குட்டைக் கைப்பிடியும் அடர்ந்த முடியும் கொண்ட கபூகி பிரஷ்ஷின் பெயரிலேயே ஜப்பானிய நாடகம் இருக்கிறது. பவுடருக்கு ஆட்டு முடி பிரஷ் நல்லது. கிரீமுக்கும் லிக்விடுக்கும் நைலான், ஏனென்றால் அது பூச்சைக் குடிக்காது. கழுவினால் முடி கீழே பார்க்கக் காயவிட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் இறங்கிப் பசை விட்டுவிடும். இதற்கு மேல் பிரஷைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதை வாங்கினாலும் ஒத்தத்தான் வேண்டும்.

மறுபடி கூத்துக்கே வருகிறேன். 1990இல் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் கூத்து ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் கட்டைக்கூத்து குருகுலம் நடத்தத் தொடங்க, பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் படித்தார்கள். 2020இல் அது மூடப்பட்டதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். அங்கே பெண் பிள்ளைகளும் படித்தார்கள். அதுவரை ஆண்களே ஆடிய கூத்தில் ராஜா வேஷமும் கட்டினார்கள். தாத்தா மறைக்கப் பாடுபட்ட மீசையை அந்தப் பெண்கள் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தாங்களே வரைந்துகொண்டார்கள்.